ஒரே வானம், இரண்டு அதிகாரம்: ஐரோப்பாவில் பறப்பவர் அறிய வேண்டியவை

2023 ஜூன் 12 முதல் 23 வரை நேட்டோ நாடுகள் ஜெர்மனியில் 'ஏர் டிஃபெண்டர்' என்ற மாபெரும் வான்படைப் பயிற்சியை நடத்தின. 25 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 250 விமானங்கள் வந்தன. அதற்காக மூன்று வான்பகுதிகள் முறைவைத்து, தினமும் சில மணி நேரம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டன. பல விமானங்கள் சுற்றுவழியில் போயின, தாமதமும் ஏற்பட்டது. இராணுவமும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால், அஞ்சிய அளவுக்குக் குழப்பம் வரவில்லை. அந்த ஒத்துழைப்பு இல்லாத இடங்களில் பயணிகள் உயிரையே இழந்திருக்கிறார்கள். அதனால்தான் இது அதிகாரிகள் மட்டும் அறிந்தால் போதும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

சட்டம் எதுவரை காக்கும்?

உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை. அதன் மூன்றாம் பிரிவின்படி, இராணுவம், சுங்கம், காவல் துறை ஆகியவற்றின் விமானங்கள் 'அரசு விமானங்கள்'. உடன்படிக்கையின் விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றுக்கான விதிகளை வகுக்கும்போது பயணிகள் விமானங்களின் பாதுகாப்பை உரிய வகையில் கருத வேண்டும் என்பதே நாடுகள் ஏற்றுள்ள கடமை. 'உரிய வகையில்' என்றால் எந்த அளவுக்கு என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவு செய்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆபத்துகள்

1973 மார்ச் 5. பிரான்சில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இராணுவக் கட்டுப்பாட்டாளர்கள் அவசரமாக அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். லண்டன் நோக்கி வந்த இரண்டு ஸ்பானிய விமானங்கள், ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நான்ட் நகரை நெருங்கின. ஒன்றைத் தாமதப்படுத்த எடுத்த முயற்சி மோதலில் முடிந்தது. ஒரு விமானத்தில் இருந்த 68 பேரும் இறந்தார்கள். மற்றொன்று சிறகு சேதமடைந்த நிலையில் தரையிறங்கித் தப்பியது.

2014-இல் சுவீடனின் மால்மோ நகருக்குத் தெற்கே, மார்ச்சிலும் டிசம்பரிலும் ரஷ்ய இராணுவ விமானங்கள் பயணிகள் விமானங்கள் செல்லும் பகுதியில் நெருங்கிப் பறந்தன. தம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அவை அணைத்து வைத்திருந்தன. அந்தக் கருவியின் பதிலை நம்பி இயங்கும் ராடாருக்கும், பயணிகள் விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவிக்கும் அப்படிப்பட்ட விமானம் தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கொடியது 2014 ஜூலை 17. கிழக்கு உக்ரைன் மீது எம்எச்17 என்ற பயணிகள் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். மூன்று நாள் முன்புதான் அதே வட்டாரத்தில் ஓர் இராணுவ விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. 32,000 அடி வரை வான்பரப்பு மூடப்பட்டது. எம்எச்17 பறந்ததோ 33,000 அடியில். முழு வான்பரப்பையும் மூட உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் 2015-இல் சொன்னது. இராணுவம் அறிந்திருந்த ஆபத்து, விமான வழிகளை முடிவு செய்தவர்களின் தீர்மானத்தில் முழுமையாக எதிரொலிக்கவில்லை.

ஒழுங்குமுறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

ஐரோப்பா பாடம் கற்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு 2150-ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, வான்பரப்பில் 'இது இராணுவத்துக்கு, இது பயணிகளுக்கு' என்று நிரந்தரமாகப் பாகம் பிரிக்கக் கூடாது. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்கி, வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். இதற்கு மூன்று நிலைகள் உண்டு: கொள்கை வகுப்பது ஒரு நிலை, முந்தைய நாள் ஒதுக்கீடு செய்வது அடுத்த நிலை, பறக்கும் நேரத்தில் ஒருங்கிணைப்பது மூன்றாம் நிலை. ஜெர்மனியிலும், 2001 முதல் சுவிட்சர்லாந்திலும் இருவகைப் போக்குவரத்தையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் கவனிக்கிறது.

ஆனால் ஓட்டை இன்னும் இருக்கிறது. 2004-இல் வந்த 'ஒற்றை ஐரோப்பிய வானம்' சட்டங்களும், 2024-இல் அவற்றைத் திருத்தி வந்த சட்டமும் இராணுவ நடவடிக்கைகளையும் பயிற்சிகளையும் தம் வரம்புக்கு வெளியே வைத்திருக்கின்றன.

உங்கள் உரிமைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி பயணிகளுக்குக் கேடயம். பாரிஸிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ கிளம்பினால், எந்த நிறுவன விமானமானாலும் இது பொருந்தும். அங்கிருந்து பாரிஸ் போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. பிரிட்டனில் இதையொத்த தனிச்சட்டம் உண்டு.

- விமானம் ரத்தானால், கட்டணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று விமானத்தில் போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.
- நெடுந்தூரப் பயணத்தில் கிளம்பவே 4 மணி நேரம் தாமதமானால் உணவும் பானமும், மறுநாள்வரை காத்திருக்க நேர்ந்தால் தங்குமிடமும் தர வேண்டும்.
- போதிய முன்னறிவிப்பின்றி ரத்தானாலோ, 3 மணி நேரத்துக்குக் குறையாத தாமதத்துடன் போய்ச் சேர்ந்தாலோ, தூரத்துக்கேற்ப 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு கேட்கலாம்.

வான்பரப்பை இராணுவம் மூடியதுதான் காரணம் என்றால், அது பொதுவாக 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகும். அப்போது கடைசியில் சொன்ன இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் முதல் இரண்டும் போகாது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் 2010-இல் வான்பரப்பு மூடப்பட்டது தொடர்பான வழக்கில், எத்தகைய சூழலிலும் பயணியைக் கவனிக்கும் கடமை நீடிக்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. நிறுவனம் கவனிக்காவிட்டால், தேவையான, நியாயமான செலவை நீங்களே செய்து, பின்னர் கேட்டு வாங்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'கட்டுப்பாட்டு அறை அனுமதிக்கவில்லை' என்ற ஒற்றை வரியோடு திருப்தி அடையாதீர்கள். அசாதாரணச் சூழ்நிலை இருந்ததையும், நியாயமான முயற்சி அனைத்தையும் எடுத்ததையும் நிரூபிக்க வேண்டியது விமான நிறுவனமே. முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ சரியில்லாவிட்டாலோ, சம்பவம் நடந்த நாட்டின் விமானப் பயணிகள் உரிமை அமைப்பிடம் புகார் கொடுங்கள், அல்லது நீதிமன்றம் செல்லுங்கள். பிரான்சில் 5 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு, ஜெர்மனியில் பயணம் நிகழ்ந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு வரை காலவரம்பு உண்டு. இந்த விதிகளைத் திருத்தும் பேச்சு ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்பதால், பயணத்துக்கு முன் நடப்பு விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரிழப்புக்குப் பணம் ஈடாகாது. எம்எச்17 குடும்பங்கள் தளராமல் போராட, அரசுகள் தொடுத்த வழக்குகளில் 2025 மே மாதம் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றமும், ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவைப் பொறுப்பாக்கின. அதற்குப் 11 ஆண்டுகள் ஆயின. ஆபத்து தெரிந்த அந்த நாளிலேயே வான்பரப்பை மூடுவதும், தாம் அறிந்ததை இராணுவங்கள் உடனே பகிர்வதும் அரசுகளின் கடமை. ஐரோப்பாவில் வாக்குரிமை பெற்ற ஒவ்வொரு தமிழரும் அதைத் தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.