பட்டாணி எதற்கு? தேயிலை இருக்கிறதே!

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பாடம் நடத்த வகுப்பில் என்ன செடி வளர்க்கலாம்? அமெரிக்காவில் இதற்கென்றே விதை விற்கிறார்களாமே?”

விற்கிறார்கள். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உருவான கடுகினச் செடி அது. விதைத்து 40 நாளளவில் மறுபடி விதை எடுக்கலாம். நல்ல செடிதான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் மென்டலின் விதி கண்முன் தெரியும் என்ற பேச்சை நம்பாதீர்கள். எட்டுச் செடி வளர்த்தால் 3:1 விகிதம் வராமலே போகலாம். நூற்றுக்கணக்கில் எண்ணினால்தான் அது துலங்கும். காசு கொடுத்து அதை வாங்குமுன் பாடசாலைக்கு வெளியே இருக்கும் மலையைப் பாருங்கள்.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி கரும்பச்சை, அடுத்தது மஞ்சளோடிய பச்சை. ஒன்றின் இலை நிமிர்ந்து நிற்கும், இன்னொன்றின் இலை தொங்கும். துண்டு வைத்துப் பெருக்கிய வீ.பீ. தேயிலை மலையிலோ எல்லாம் ஒரே அச்சு. காரணம் பூவுக்குள் இருக்கிறது.

பட்டாணிப் பூ விரியுமுன்னே தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிக்கொள்ளும். அதனால்தான் மென்டலுக்குத் தூய வழிகள் கிடைத்தன. தேயிலை இதற்கு நேர் எதிர். சொந்த மகரந்தம் வந்தால், அதன் குழாய் தம்பத்தின் வழியே சூலகம் வரை இறங்கவும் விடுகிறது. கருக்கட்டல் மட்டும் நடப்பதில்லை. மேளதாளத்தோடு பந்தல் வரை வந்த மாப்பிள்ளையைத் தாலி கட்டும் நேரத்தில் “நீ பங்காளி முறை” என்று திருப்பி அனுப்புவதைப் போல. ஒரே இலக்கத்தை, அதாவது ஒரே தாய்ச் செடியிலிருந்து பெருக்கிய வகையை, நட்ட வீ.பீ. மலையில் பக்கத்துச் செடியிலிருந்து வருகிற மாப்பிள்ளையும் செல்லாது. அங்கே பங்காளி என்பதுகூடப் போதாது, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஆள்! அந்த மலை முழுக்கப் பல்லாயிரம் தூரில் நிற்கும் ஒரே செடி. அபூர்வமாகச் சில விதை தப்பிக் கட்டுவதுண்டு.

ஆக, தேயிலை விதைக்குப் பெரும்பாலும் அந்நியத் தகப்பன். தேயிலைக்கு 15 சோடி நிறமூர்த்தங்கள். அவை துண்டு மாற்றிக்கொள்வதைக் கணக்கில் எடுக்காமலே, ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் 107 கோடிக்கு மேற்பட்ட விதமான பிள்ளைகள் பிறக்கலாம்.

வரலாறு சுருக்கம்தான். மென்டலின் கட்டுரை 1866இல் அச்சானது. மறு ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.) பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. நல்ல செடிகளைத் தேர்ந்து, துண்டு வைத்துப் பெருக்கி, டி.ஆர்.ஐ. 2025 போன்ற இலக்கங்களைத் தந்தது.

வகுப்பில் செய்ய வேண்டியது இதுதான். ஒரே வீ.பீ. செடியிலிருந்து பத்துத் துண்டுகள்: ஒவ்வொன்றிலும் ஓர் இலை, அதன் கணுவில் அரும்பு, கீழே பெருவிரலளவு தண்டு. கவ்வாத்து வெட்டாமல் விட்ட விதைத் தேயிலை மரத்தடியில் பொறுக்கிய பத்து விதைகள். தண்ணீரில் போட்டு, அமிழ்பவற்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் தவறணையில் போல மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் வைத்து, நிழலும் ஈரமும் கொடுங்கள். நுவரெலியாக் குளிரில் வேரூன்ற மாதக்கணக்காகும். ஒரு தவணைக்குள் முடியாது.

துண்டு வரிசையில் ஒரு செடி மட்டும் குட்டையாக நின்றால் பிள்ளைகளைக் கேளுங்கள். பரம்பரை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே வெயிலோ நீரோ மண்ணோதான் காரணமாக இருக்க வேண்டும். விதை வரிசையில் அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறப்பையும் சூழலையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான செய்முறை எனக்குத் தெரியாது.

2017இல் தேயிலையின் மரபணுத் தொகுதி, சுமார் 300 கோடி எழுத்துகள், வெளியானபோது புதுத் தேயிலை வந்துவிட்டதாகவே எழுதினார்கள். ஆனால் ஓர் இலக்கத்தை மலையில் வைத்துச் சோதித்துத் தேற இன்றும் ஏறக்குறைய இருபது ஆண்டு வேண்டும்.

பொறுக்கிய விதையைக் காயவிடாதீர்கள். காய்ந்த தேயிலை விதை முளைக்காது.