எலும்பு நோய்க்குக் கழுத்திலும் காரணம் உண்டு

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்று சொன்னால், பெரியோர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "வளர்கிற வயது, சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை." உடனே கடையில் கால்சியம் மாத்திரை வாங்கப்படுகிறது. பல வேளைகளில் இவ்விடை சரியாகவும் இருக்கலாம். ஆயினும் அரிதான ஒரு நோயில் இம்மாத்திரையே தீங்காக முடியக்கூடும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியின் பின்னே, அரிசியும் பயறும் போன்ற அளவில், பெரும்பாலோர்க்கு நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. பாராதைராய்டு என்பது இவற்றின் பெயர். மனித உடலில் இவை இருப்பதை 1880-இல் விவரித்து எழுதியவர் சுவீடன் நாட்டு ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அவருக்கு முன்னரே, இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில் ரிச்சர்டு ஓவன் இதனைக் கண்டிருந்தார். நம் நாட்டு விலங்குக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம்!

இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பதே இச்சுரப்பிகளின் பணி. இவற்றுள் ஒன்றில் கட்டி தோன்றினால், அது பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டியன்று. ஆனால் சுரப்பு மிகுந்து, எலும்பிலுள்ள கால்சியம் இரத்தத்திற்கு ஓயாது இழுக்கப்படுகிறது. நேராக இருந்த கால்கள் வளைந்து முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. சிறு வீழ்ச்சியிலும் எலும்பு முறிகிறது. சிறுநீரகக் கல், தாகம், வாந்தி, மலச்சிக்கல், ஓயாத சோர்வு ஆகியனவும் வரலாம். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கிறது.

மருத்துவ உலகமே ஒருகாலத்தில் இதில் தடுமாறியது. 1925-இல் வியன்னா நகரில் எலும்பு நலிந்த டிராம் வண்டி நடத்துநர் ஒருவருக்கு, சுரப்பிதான் போதவில்லை என்றெண்ணி, பெலிக்ஸ் மாண்டல் என்னும் அறுவை மருத்துவர் பிறரிடமிருந்து எடுத்த பாராதைராய்டை வைத்துத் தைத்தார். பயனில்லை. பின்னர் கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றியபோதே வலி தணிந்து அவர் நடக்கலானார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது என்றாலும், வழி தெரிந்துவிட்டது.

நம் பகுதியில் மயக்கத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. சேலம், தருமபுரிச் சமவெளியில் பல கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதுவும் பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுக்கும். வைட்டமின் டி குறைவாலும் கால் வளையும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம், மருத்துவமோ வேறு. எண்ணெய்க் கட்டுப் போட்டு மாதங்களைக் கழிப்பதால் ஆவதொன்றுமில்லை. மாத்திரைக்கு முன் இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி மிகக் குறைந்திருந்தால் கால்சியம் இயல்பானதுபோல் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆதலால் ஐயமிருப்பின் பாராதைராய்டு சுரப்பு நீரின் அளவையும் மருத்துவர் சோதிப்பார்.

இளையோரிடம் பெரும்பாலும் ஒரு சுரப்பியிலேயே கட்டி இருக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதனை அகற்றும் தேர்ச்சி பெற்றோர் உள்ளனர். அறுவைக்குப் பின் பசித்த எலும்புகள் கால்சியத்தை விரைந்து உறிஞ்சுவதால், அப்போதுதான் கால்சியம் மிகுதியாகத் தரப்படும். முன்பு தீங்கானது இப்போது மருந்தாகிறது. வலி விரைவில் தணியும். எலும்பு தேற மாதங்கள் ஆகும். மிகவும் வளைந்த காலுக்கு எலும்பு மருத்துவரின் தனிச் சிகிச்சை வேண்டியிருக்கும். சில குடும்பங்களில் இந்நோய் வழிவழியாக வருவதால், மருத்துவர் கூறினால் உடன்பிறந்தோரின் இரத்தத்தையும் சோதிப்பது அவசியம்.