தங்கம் தாங்கும், முத்து தாங்குமா?

புது தில்லி: மத்திய அரசின் வசமுள்ள இரு செல்வங்கள் 2001-ஆம் ஆண்டில் செய்தியாயின. அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டில், ஹைதராபாத் நிஜாம்களின் நகைகள் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் வெப்பம்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வட ஆர்க்காடு பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வெக்கையில் உழைத்தனர். வாடியது மனித உடல்தான். தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1,064 டிகிரியில்தான் அது உருகவே தொடங்கும்.

முத்து அப்படியல்ல. சிப்பி, சுண்ணாம்புச் சத்தையும் ஒருவகைப் புரதத்தையும் ஏடு ஏடாகப் படியவைத்து உருவாக்கும் பொருள் அது. உள்ளே சிறிதளவு நீரும் உண்டு. வெயிலிலோ சூடான விளக்கொளியிலோ நெடுநேரம் இருந்தால் அந்நீர் வற்றும், நிறம் மஞ்சளிக்கும், நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். இழந்த பொலிவு முழுமையாகத் திரும்பாது. முத்துத் தோட்டைப் பற்றவைக்கும் முன் பொற்கொல்லர் முத்தைக் கழற்றி வைப்பது இதனால்தான். முத்துமாலையைக் கழுவி வெயிலில் உலர்த்தும் இல்லத்தரசிகளும் இதைக் கவனிப்பது நல்லது. மிக வறண்ட பெட்டகத்தில் பல்லாண்டுகள் பூட்டி வைப்பதும் முத்துக்கு ஆகாது.

நிஜாம் நகைகள் மொத்தம் 173. சுமார் ரூ. 218 கோடி கொடுத்து 1995-இல் மத்திய அரசு அவற்றை வாங்கியது. ஏழு சரங்கள் கொண்ட பஸ்ரா முத்து மாலை அவற்றுள் புகழ்பெற்றது. பாரசீக வளைகுடாவில் மூழ்கியெடுத்த இயற்கை முத்துகள் அவை. ஜப்பானிய வளர்ப்பு முத்துகளின் வரவால் அந்த முத்துக்குளிப்பே நசிந்துவிட்டது. கெட்டுப்போனால் மாற்று கிடையாது.

தில்லியில் 2001, 2007, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்சிக்கு வந்த இந்நகைகளின் இருப்பிடம் மும்பை ரிசர்வ் வங்கியின் பெட்டகம். ஹைதராபாதிலேயே நிரந்தரமாக வைக்க வேண்டும் என்பது அம்மாநில அரசியல்வாதிகளின் நெடுநாள் கோரிக்கை. பாதுகாப்பைக் காரணம் காட்டியே மத்திய அரசு தயங்கி வருகிறது. ஆனால் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே திருடனைத்தான் நினைக்கிறார்கள். ஹைதராபாதில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதோ, பெட்டகத்தின் வறட்சியோ விவாதமாவதில்லை.

தங்கவயலில் குவிந்து கிடக்கும் சயனைடு மண் மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. சுரங்கங்கள் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், வெயிலிலும் மழையிலும் கிடந்த மண்ணில் தங்கம் அப்படியே இருக்கிறது. பெட்டகத்திலுள்ள முத்துகளின் நிலை என்ன, அவை எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் வைக்கப்பட்டுள்ளன என்ற விவரத்தை நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெறுவது, எந்த நகரில் வைப்பது என்ற வழக்கைவிட அவசரமானது. கலாசார அமைச்சகத்திடம் அதைக் கேட்க ஓர் உறுப்பினரின் கேள்வி போதும்.