வளர்த்த கடா ஏன் மார்பில் பாய்கிறது?



நம்ம ஊர்ப்பக்கம் இரண்டு பழமொழி உண்டு. ஒன்று, 'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.' மற்றொன்று, 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.' இரண்டையும் நாம்தான் சொல்கிறோம். அக்கா செத்துப்போய், அவள் பிள்ளையைத் தங்கை வீட்டில் கொண்டுவந்து விடும்போது முதல் பழமொழியைச் சொல்கிறோம். அதே பிள்ளை இருபத்தைந்து வயதில் வாசலில் வந்து நின்று, "என்னை என்ன பாடு படுத்துனீங்க, இப்ப பதில் சொல்லுங்க" என்று கத்தும்போது இரண்டாவதைச் சொல்கிறோம். இடையில் போன இருபது வருஷத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

டிவி தொடர்களில் இந்தக் கதை அடிக்கடி வருகிறது. வளர்ப்புப் பிள்ளை பெரியவனாகித் திரும்பி வருவான், குடும்பத்தையே அழிப்பான். "வேற ரத்தம், அதான் புத்தியைக் காட்டிட்டான்" என்று வீட்டில் இருப்பவர்கள் பேசுவார்கள். பார்க்கிற நமக்கும் அது மனசில் பதிந்துவிடுகிறது. வளர்ப்புப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வளர்த்தவர்களைக் கடைசிவரை காப்பாற்றுகிறார்கள். சிலர் மட்டும் ஏன் ஆத்திரத்தோடு திரும்புகிறார்கள்? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு கதை

இந்தப் பழிவாங்கும் கதைகளில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று உண்டு. இங்கிலாந்தில் எமிலி ப்ரோன்டே என்ற பெண் எழுதி, 1847-ல் வெளிவந்த 'வுதரிங் ஹைட்ஸ்' என்ற நாவல் அது. நடக்கிற இடம் வெளிநாடு என்றாலும், கேட்டால் பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி இருக்கும்.

ஒரு பண்ணைக்காரர் பட்டணத்துக்குப் போன இடத்தில், தெருவில் பசியோடு திரிந்த ஒரு சிறுவனைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வருகிறார். இறந்துபோன தன் மகனின் பெயரை அவனுக்கு வைக்கிறார். ஹீத்கிளிஃப் என்பது அந்தப் பெயர். பெரியவர் அவனைச் செல்லமாகத்தான் வளர்க்கிறார். ஆனால் அவருடைய சொந்த மகனுக்குப் பொறாமை. பெரியவர் கண் மூடியதும் அந்த மகன் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான். ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்தி, அவனைப் பண்ணை வேலைக்கு விரட்டுகிறான். அந்த வீட்டுப் பெண் மேல் அவன் உயிரையே வைத்திருக்கிறான். இவனைக் கட்டிக்கொண்டால் தனக்குத்தான் கேவலம் என்று அவளே சொல்வதும் அவன் காதில் விழுகிறது. அன்று இரவே வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

மூன்று வருஷம் கழித்துக் கையில் காசோடு வருகிறான். கத்தியை எடுக்கவில்லை, கட்டையை எடுக்கவில்லை. தன்னை வேலைக்காரனாக்கியவன் இப்போது குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்து கிடக்கிறான். அவனுக்குச் சூதாடக் காசு கொடுத்துக் கொடுத்தே நிலத்தை எல்லாம் அடமானமாக எழுதி வாங்குகிறான். அவன் செத்ததும் வீடும் நிலமும் ஹீத்கிளிஃபின் கைக்கு வந்துவிடுகிறது. செத்தவனின் சின்னப் பையனை எழுத்தறிவு இல்லாமல், அவன் அப்பன் வீட்டிலேயே வேலைக்காரனாக வளர்க்கிறான். தனக்கு என்ன செய்தார்களோ, அதையே அந்தக் குழந்தைக்குச் செய்கிறான்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, கூட்டி வந்து சோறு போட்டவர் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. பிள்ளையாக இருந்தவனை வேலைக்காரனாக மாற்றினார்களே, அந்த நாளில்தான் வஞ்சம் முளைத்தது. இரண்டாவது, அந்தப் பழி தப்பு செய்தவனோடு நிற்கவில்லை. ஒரு பாவமும் அறியாத அடுத்த குழந்தையின் தலையில் போய் விழுந்தது. மூன்றாவது, எல்லாம் கைக்கு வந்த பிறகும் அவனுக்கு நிம்மதி வரவில்லை. கடைசியில் பழிவாங்கும் எண்ணமே விட்டுப்போய், சாப்பாடும் இறங்காமல் சாகிறான்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை நமக்கே தெரியும். கர்ணனைப் பெற்றவள் ஆற்றில் விட்டாள். தேரோட்டி அதிரதனும் ராதையும் எடுத்து வளர்த்தார்கள். பின்னால் உண்மை தெரிந்து, ராஜ்யமே கிடைக்கும் என்று கிருஷ்ணன் சொல்லியும், வளர்த்தவர்களை விட்டு வரமாட்டேன் என்றுதான் கர்ணன் சொன்னான். அவனுக்கும் மனசில் ஆறாத கோபம் இருந்தது. அது கூட்டத்தில் வைத்துப் பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தியவர்கள் மேல். மாரோடு அணைத்து வளர்த்த ராதை மேல் அல்ல.

ஆக, ரத்தத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. நடத்துகிற விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தையின் மனசில் என்ன நடக்கிறது?

இதைப் பற்றி மருத்துவர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர், திருட்டுப் பழக்கம் உள்ள 44 குழந்தைகளைப் பற்றி 1944-ல் எழுதினார். அதில் 14 பேர் யார் மேலும் ஒட்டுதலே இல்லாதவர்களாக இருந்தார்கள். அந்த 14 பேரில் 12 பேர், சின்ன வயதிலேயே தாயிடமிருந்து நெடுநாள் பிரிந்தவர்கள். தாயைப் பிரிந்த குழந்தை எல்லாம் திருடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பாசம் அறுந்தால் குழந்தையின் நடத்தையில் அது தெரியும் என்பதுதான் விஷயம்.

அறுந்த பாசம் மறுபடி ஒட்டுமா? ஒட்டும். ருமேனியா நாட்டில் 2000-ல் தொடங்கி, விடுதிகளில் வளர்ந்த 136 கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். வீட்டில் வளர்ந்த குழந்தைகள் விடுதியில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அதிலும் சுமார் இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்த குழந்தைகள் வளர்த்தவர்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். சீக்கிரம் ஒரு மடி கிடைத்தால் குழந்தை தேறிவிடும்.

ஆனால் நம் வீட்டுக்கு வருகிற பிள்ளை ஐந்து வயதிலோ எட்டு வயதிலோ வரும். வந்த புதிதில் படுக்கையில் மூத்திரம் போகும். சோற்றையும் தின்பண்டத்தையும் ஒளித்து வைக்கும். பொய் சொல்லும், திருடும், நம் பிள்ளையை அடிக்கும். "திமிர் பிடிச்சது" என்கிறோம். அது திமிர் இல்லை. ஒளித்து வைக்கிற குழந்தைக்கு நாளைக்குச் சோறு கிடைக்குமா என்ற பயம். வம்பு செய்கிற குழந்தை நம்மைச் சோதித்துப் பார்க்கிறது. 'அம்மா போயிட்டா, இவங்களும் என்னை விட்டுடுவாங்களா?' என்ற கேள்வி அதன் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நாம் சூடு வைத்தால், பட்டினி போட்டால், அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

வஞ்சம் எப்படிச் சேருகிறது?

நம் குழுவில் சேமிப்பு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிற மாதிரிதான் வஞ்சமும் சேரும். ஒரே நாளில் வராது.

- தன் பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி, வந்த பிள்ளைக்குப் பழையது.
- தன் பிள்ளை பள்ளிக்கூடம், வந்த பிள்ளை ஆடு மேய்க்க, பாத்திரம் கழுவ.
- "ஆத்தாளை முழுங்கினவ", "தண்டச்சோறு" என்ற ஏச்சு. அதுவும் நாலு பேர் நடுவில்.
- பெற்றவர்களைப் பற்றிக் கேட்டால் பொய், அல்லது அடி.
- அம்மா விட்டுப்போன தோடு, அப்பா பேரில் இருந்த நிலம் எங்கே என்று சொல்லாமல் மறைப்பது.
- வீட்டில் யாராவது குழந்தையிடம் தப்பாக நடந்து, அது வந்து சொன்னபோது "வாயை மூடு" என்று அடக்குவது.

கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கொடியது. தப்பு செய்தவனைவிட, சொல்லியும் காது கொடுக்காதவர்கள் மேல்தான் பல பேருக்கு ஆயுசுக்கும் கோபம் நிற்கும்.

இதில் எதுவும் பணம் இருந்தால்தான் சரி செய்ய முடியும் என்பதில்லை. இருக்கிற கஞ்சியை ஒரே மாதிரி ஊற்றினால் போதும். பெற்றவர்களின் போட்டோவை ஒளிக்காமல் சுவரில் மாட்டினால் போதும். பிறப்பைப் பற்றிய உண்மையை, வயதுக்குத் தகுந்த மாதிரி, வளர்த்தவர் வாயாலேயே சின்ன வயதிலிருந்து சொல்லி வர வேண்டும். கல்யாணச் சண்டையில் ஊரார் வாயிலிருந்து கேட்டால் மனசு உடைந்துபோகும்.

திரும்பி வந்து நின்றால்?

பெரியவனாகித் திரும்பி வருகிற பலரும் முதலில் கேட்பது ஒரு பதிலைத்தான். "ஏன் என்னை மட்டும் அப்படி நடத்துனீங்க?" அதற்குப் பத்துப் பேரைக் கூட்டி, "சோறு போட்டதை மறந்துட்டியா" என்று சொல்லிக்காட்டினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச விடுங்கள். நடந்தது நடந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய சான்றிதழ், பத்திரம், நகை இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

அதற்காக அடி உதையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மிரட்டல், ஆயுதம், தீ வைப்பேன் என்ற பேச்சு வந்தால் உடனே காவல்துறை உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 எண்ணைக் கூப்பிடுங்கள். பட்ட கஷ்டம் உண்மை என்பதற்காக அடுத்தவரை அடிக்கிற உரிமை யாருக்கும் வந்துவிடாது.

சொத்து விஷயத்தில் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனர் பிள்ளையின் நிலத்தைத் தகப்பனோ தாயோகூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. அப்படி விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்தால் சித்தப்பாவோ மாமாவோ அந்த நிலத்தை விற்கும் உரிமை கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. அரிவாளைத் தேடுகிற பையனுக்கு இந்த எண்ணைச் சொல்வது இரண்டு குடும்பத்தைக் காப்பாற்றும்.

பிள்ளை வீட்டுக்கு வரும்போதே செய்ய வேண்டியவை

ஆதரவில்லாத குழந்தையை யார் வீட்டில் வளர்ப்பது என்று முடிவு செய்கிற அதிகாரம், 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவுக்கு இருக்கிறது. முறைப்படி செய்யாமல் அநாதைக் குழந்தையையோ கைவிடப்பட்ட குழந்தையையோ தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். 2022 முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும், கணவனை இழந்த தாயிடம் வளரும் குழந்தைக்கும் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 2022-ல் வந்த விதிப்படி, கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். வளர்க்கிற வீட்டுச் சுமை கொஞ்சம் குறைந்தால், "தண்டச்சோறு" என்ற வார்த்தையும் குறையும்.

குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 1098 எண்ணில் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது.

குழுவில் பேசிப் பாருங்கள்

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு செலவு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். நம் உறுப்பினர் வீடுகளிலும் தெருவிலும் பெற்றவர் இல்லாமல் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்களா? 4,000 ரூபாய்க்கு மனு எழுதிக் கொடுக்க யாருக்கு உதவி வேண்டும்? இந்த மூன்று கேள்விக்கும் வந்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் நம் பிரதிநிதி அதைச் சொல்லட்டும்.

வளர்க்கிற சகோதரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் பிள்ளைக்கே பத்தாத வீட்டில் இன்னொரு தட்டு வைப்பது லேசான காரியம் இல்லை. அவளுக்குக் குழு துணையாக நின்றால், அந்தத் தட்டில் சோற்றோடு கோபம் விழாது. இன்றைக்கு அந்தப் பிள்ளையை நாம் எப்படிக் கூப்பிடுகிறோமோ, இருபது வருஷம் கழித்து அது நம் வாசலில் நின்று அப்படித்தான் நம்மைக் கூப்பிடும்.