உங்களுக்குத் தெரியுமா? பலகையைச் சுடும் காளான்!

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டெக் (வீட்டுக்கு வெளியே அமைக்கும் தளம்) பலகையில் தார் தெறித்ததுபோல் கரும்புள்ளிகளா? அவை ஒரு காளான் சுட்ட குண்டுகளாக இருக்கலாம்!

• பெயர் ஸ்ஃபேரோபோலஸ். குண்டூசித் தலை அளவே இருக்கும் இந்தக் காளான், தன் வித்துப் பொதியைச் சுமார் 6 மீட்டர் தூரம்கூட வீசும். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் குறி. அதனால் வெளிர்நிறச் சுவர், கார், பலகை எல்லாமே இலக்கு.

• அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் செடியைச் சுற்றிப் பரப்பும் மரச்சீவல் இதற்குப் பிடித்த இருப்பிடம். குளிர்ச்சியான வசந்த, இலையுதிர் காலங்களில் அதிகமாகச் சுடும்.

• காய்ந்துவிட்டால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பிளீச்சுக்கு மசியாது. சுரண்டினாலும் பழுப்புக் கறை நிற்கும். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் பலகையில் கீறல் விழும். அந்தச் சேதம் கறையைவிட மோசம். புதிதாக இருக்கும்போதே சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு துடையுங்கள்.

• பலகையை மட்டும் கழுவிப் பயனில்லை. அருகிலுள்ள மரச்சீவலை அகற்றிவிட்டுக் கூழாங்கல் பரப்புங்கள்.