சர்க்கார் தமிழும் குடிகளின் தமிழும்

வருஷந்தோறும் வேனிற்காலத்தில் தாலூகாக் கச்சேரிகளில் ஜமாபந்தி நடைபெறுகிறது. திருநகரில் மனை வைத்திருப்போரும், தென்கால் கண்மாய்ப் பாசனத்தில் ஏர் பூட்டுவோரும் மனுவும் கையுமாய்க் காத்து நிற்கின்றனர். ஜமாபந்தி என்றால் யாதென வினவினால் விடை பகர்வோர் மிகச் சிலரே. ‘ஜமா’ என்னும் அரபுச் சொல் இங்கே வரித்தொகையைக் குறிக்கும். ‘பந்தி’ என்னும் பாரசீகச் சொல் அதை வரையறுத்தலைக் குறிக்கும். கிராமக் கணக்கைத் தணிக்கை செய்து வரியை முடிவு கட்டுவதே அக்காரியம்.

இச்சொற்கள் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். பாண்டியர் கல்வெட்டுக்களில் இறை, கடமை, இறையிலி முதலிய தமிழ்ச் சொற்களே வழங்கின. 1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி ஒழிந்தது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் அதிகாரத்தோடு பாரசீகக் கணக்குமுறை வேரூன்றிற்று. 1801-இல் கும்பெனியார் ஆட்சியைக் கைக்கொண்டனர். ஆள்வோர் மாறினரேயன்றி வசூல் பாஷை மாறவில்லை. தாசில்தார் என்றால் வசூலிப்பவர். பசலி, அறுவடையைக் குறிக்கும் ‘பஸல்’ என்பதிலிருந்து பிறந்தது. அக்பர் வகுத்த வருஷக் கணக்கு அது. 2024 ஜூலை முதல் தேதி பிறந்தது 1434-ஆம் பசலி!

அந்நியச் சொல் என்பதே குற்றமென்று நாம் கூறவில்லை. வக்கீல், ரசீது என்பனவும் வந்தேறிய சொற்களே. அவற்றை அறியாதார் இல்லை. புறம்போக்கு என்பதோ நல்ல தமிழ். வரிக்கணக்குக்குப் புறம்பாக ஒதுக்கிய நிலம் என்பது அதன் பொருள். ஏட்டில் அச்சொல் இருப்பதறியாது குடிசை கட்டிய ஏழை, அதை இடிக்க ஆள் வரும் அன்றே அதன் பொருளை உணருகிறான். ஆகவே குறை சொல்லின் பிறப்பில் இல்லை. விளக்காது விடுவதில் இருக்கிறது.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் நிறைவேறியது. பட்டாவும் சிட்டாவும் இன்று கணிப்பொறியிலேயே கிடைக்கின்றன. ஆயினும் ஏட்டில் விளங்காத சொல் கணிப்பொறியில் ஏறியதனால் விளங்கிவிடுமா? 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட மதுரை இதைப் பொறுத்திருத்தல் தகாது.

ஒவ்வொரு பட்டாவின் பின்புறத்திலும், ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும், அதிலுள்ள சொற்களுக்கு எளிய தமிழில் பொருள் அச்சிடல் வேண்டும். அதுவரை, பொதுத் தொண்டு புரியும் அன்பர்கள் ஜமாபந்தி நாட்களில் கச்சேரி வாயிலில் அமர்ந்து எளியோர்க்குப் படித்துச் சொல்வார்களாக. தான் ஒப்பமிடுவது இன்னதென்று அறியாதவன், வாக்குரிமை பெற்றும் பாதிக் குடிமகனே ஆவான்.