சுவர் அழகும் நம் கடைச் சரக்கும்

புது வீடு கட்டுவோரில் சிலர் இப்போது செட்டிநாட்டு முறைச் சுண்ணாம்புப் பூச்சை மீண்டும் விரும்பிக் கேட்கின்றனர். பெயிண்டு இல்லாமலே பளிங்குபோல் மின்னும் சுவர்தான் அவ்வீட்டுக்கு அணிகலன். பர்மா, மலாயா சென்று வணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார் காரைக்குடி வட்டாரத்தில் கட்டிய வீடுகளில் இப்பூச்சை இன்றும் காணலாம்.

மளிகை வணிகர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை? பூச்சின் சூட்சுமமே நம் கடையில்தான் இருக்கிறது. கடுக்காயை உடைத்து, வெல்லத்துடன் நீரில் சில நாள் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிச் சுண்ணாம்பையும் மணலையும் அரைப்பார்கள். வெல்லம் சாந்தை இளக்கமாக வைக்கும். பல பூச்சுகளுக்குப் பின், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லத்தான் இறுகும். ஆகவே இவ்வேலையில் அவசரம் ஆகாது.

கொத்தனார் சீட்டுடன் ஒருவர் வந்தால், சுவருக்குத்தானே என்று வண்டு துளைத்த கடுக்காயைத் தள்ளிவிட வேண்டாம். துவர்ப்பு அதன் சதையில்தான் இருக்கிறது. கனமான, துளையில்லாத காயாகப் பொறுக்கி நிறுத்துக் கொடுப்போம். பூச்சு கெட்டால் பழி கொத்தனார் தலையில் விழும். ஆனால் அதில் நம் தராசுக்கும் பங்குண்டு.

கடுக்காய் ஒருமுறை வியாபாரம். குடிவந்தபின் மாத மளிகைக்கும் அவர் நம் கடைப்படி ஏற வேண்டும் அல்லவா?